அந்தச் சிரிப்பு இருந்துவிட்டுப் போகட்டும்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் பின்னணியில் எழும் சிரிப்பொலிக்கு ஆதரவாக இன்று வாய் திறப்பவர் எவரும் இல்லை. ‘எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர நீ யார்?’ என்று கேட்பது அறிவாளிக்கு அடையாளமாகிவிட்டது. கொழும்பில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு வீடு வரும் எங்கள் பிள்ளைகள் முதல், அட்டன் தேநீர்க் கடைகளில் சினிமா பேசும் வாத்தியார்மார் வரை ஒரே குரல்தான். சிரிப்பொலி போட்ட தொடர் பழசு, மலிவு, பார்ப்பவனை முட்டாளாக்கும் வேலை. சிரிப்பொலி இல்லாத தொடர் புதுசு, தரமானது, பார்ப்பவனை மதிப்பது. இதைச் சொல்பவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. சொன்ன மாத்திரத்தில் தலையாட்ட நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு தலையாட்டலும் ஒரு பின்னணி ஒலிதானே என்று கேட்டால் கோபம் வரும்.

கோபம் வந்தாலும் பரவாயில்லை. இந்தக் கருத்து பாதி அறியாமையிலும் பாதி அந்தஸ்து மோகத்திலும் பிறந்தது என்பது என் கட்சி. தனி அறை, சாத்திய கதவு, காதில் ஹெட்போன், கையில் போன் என்று உட்கார்ந்து பார்க்கும் ஒருவரின் வசதியிலிருந்து எழுந்த ரசனையை உலகப் பொதுச் சட்டமாக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். இவர்கள் ஒரே மூட்டையில் கட்டும் சிரிப்பொலி உண்மையில் மூன்று வகை. 1951இல் அமெரிக்காவில் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது படப்பிடிப்புத் தளத்திலேயே ஆசனம் போட்டு ஆட்களை உட்காரவைத்து, மூன்று கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். அதில் கேட்பது அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (1994–2004), ‘த பிக் பாங் தியரி’ (2007–2019) ஆகியவையும் பெரும்பாலும் அப்படிச் சபையோர் முன்னிலையில் எடுக்கப்பட்டவையே.

இரண்டாவது வகைதான் பெட்டிச் சிரிப்பு. சிபிஎஸ் நிறுவனத்தில் ஒலிப் பொறியாளராக இருந்த சார்லி டக்ளஸ் 1950களின் தொடக்கத்தில் ஒரு கருவியைச் செய்தார். தட்டச்சுப் பொறியில் இருப்பதைப் போன்ற விசைகள், காலால் அமுக்க ஒரு மிதி, உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒலிநாடாக்கள். ஒரு விசையைத் தட்டினால் ஒரு பெண் களுக்கென்று சிரிப்பாள், இன்னொன்றைத் தட்டினால் கூட்டமே வெடிக்கும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியாருக்குக் காட்டாமல் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகக் கொண்டு திரிந்தார் மனிதர். ரெட் ஸ்கெல்டன் என்ற நகைச்சுவை நடிகர் வாய் பேசாமல் அபிநயம் பிடித்த காட்சிகளுக்கு எழுந்த சிரிப்பைத்தான் அவர் விரும்பி எடுத்துக்கொண்டார் என்பார்கள். குறுக்கே வசனம் விழாததால் சிரிப்பு சுத்தமாகக் கிடைத்ததாம்.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. சபையோர் சிரிப்பு மெலிந்துபோன இடத்தில் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புவது.

இவற்றைப் பிரித்தறிய மாட்டாமல் ‘எல்லாமே போலி’ என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். ‘சியர்ஸ்’ தொடருக்கு (1982–1993) நேர்ந்ததைப் பாருங்கள். உண்மையாகவே சபையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது போலிச் சிரிப்பு என்று நேயர்கள் முறைப்பாடு செய்தார்கள். கடைசியில், இது பார்வையாளர் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே நடிகர்களின் குரலில் அறிவிக்க வேண்டியதாயிற்று. அசலையே போலி என்று சொன்ன காதுகள் அவை. போலியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இன்று பெருமை பேசும் காதுகளை மட்டும் எப்படி நம்புவது?

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் யூடியூபில் கிடக்கிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘பிக் பாங் தியரி’ காட்சிகளிலிருந்து சிரிப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைப் போட்டிருக்கிறார்கள். பாத்திரம் ஒரு வசனம் பேசுகிறது, பிறகு பேயறைந்த மாதிரி நிற்கிறது, அடுத்த ஆள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எங்கும் மயான அமைதி. ‘பார்த்தீர்களா, இதில் ஒரு மண்ணும் இல்லை’ என்று கொக்கரிக்கிறார்கள். எதிரே இருப்பவர்கள் சிரித்து ஓயட்டும் என்று நடிகர் காத்து நின்ற இடம் அது. காத்திருக்கத் தெரிவது நகைச்சுவை நடிகனின் பாதித் தொழில். சபையை அழித்துவிட்டு, சபைக்காக விட்ட இடைவெளியைக் காட்டி ‘பார், ஓட்டை’ என்பது சோதனையாகாது, சேட்டை. வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுகிறவரின் குரலை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டுப்பாருங்கள். முன்னால் இருந்து பாடுபவர் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி யாருக்காகவோ ஏங்குவதைப் போல இருக்கும். அதைக் கேட்டுவிட்டு வில்லுப்பாட்டே வெற்றுக் கலை என்று எவராவது சொன்னால் நாம் ஒப்புவோமா?

வில்லுப்பாட்டைச் சும்மா இழுக்கவில்லை. கேட்பவன் சார்பில் மேடையிலேயே ஒருவரை உட்காரவைத்து, வியக்க வேண்டிய இடத்தில் வியக்கவும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ‘அப்படியா?’ என்று கேட்கவும் விட்டது நம் மரபு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அந்த மேடையிலிருந்து எழுந்தவர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ராஜா வந்து வீராப்புப் பேசினால், அதைக் கேட்டு முதலில் நக்கலடிக்கிறவன் அவன். கூட்டம் பின்னாலே சிரிக்கும். எங்கள் மலைநாட்டில் மாசி மாதம் காமன் பொட்டலில் கூத்து நடக்கும்போது குறவனும் குறத்தியும் வந்து அடிக்கும் கூத்துக்கு, முன்னால் குந்தியிருக்கும் சின்னப் பிள்ளைகள் முதலில் கத்துவார்கள். பிறகு அந்தக் கத்தலுக்காகவே பெரியவர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தக் காட்சியை ஆடச் சொல்லுங்கள், தப்படிக்கிறவர்களுக்கே தூக்கம் வந்துவிடும்.

சென்னை சபா நாடகங்களுக்கும் இதுவே பொருந்தும். எஸ்.வி.சேகரின் ‘காட்டுல மழை’, ‘மகாபாரதத்தில் மங்காத்தா’ முதலியவை ஒலிநாடாவாக வந்த காலத்தை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படம் கிடையாது, வெறும் சத்தம். அதில் பாதி, மண்டபத்தில் இருந்தவர்களின் சிரிப்பு. ஒரு வசனம், ஒரு வெடிச்சிரிப்பு, நடிகர் சமாளித்து அடுத்த வசனத்தைத் தொடங்குவது, மறுபடி வெடிச்சிரிப்பு. நாடாவைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டார்களே, எவராவது ‘அந்த ஆட்களின் சிரிப்பு இடைஞ்சலாக இருக்கிறது, வெட்டிவிட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டதுண்டா? கிரேசி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’வை மண்டபத்தில் பார்த்தவர்கள் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். முதல் ஜோக்குக்குப் பக்கத்து ஆசனக்காரர் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு ஜோக் காதில் விழவில்லை என்று. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அன்று சபா ஒலிநாடாவைக் கொண்டாடியவர்களே இன்று ஆங்கிலத் தொடரில் அதே சிரிப்பைக் கேட்டு மூக்கைச் சுளிக்கிறார்கள். சேகர் நாடாவில் கேட்டால் ரசனை, டீவியில் கேட்டால் அவமானமா?

சினிமாவுக்கு ஏன் சிரிப்பொலி தேவைப்படவில்லை என்பதை யோசித்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்கு மல்லுக்கட்டியபோது திரைக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். சிரிப்பை அவர்களே கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சி அந்தக் கூட்டத்தைக் கலைத்து, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய் அடைத்தது. கலைத்தவன் கொஞ்சம் கூட்டத்தையும் கூடவே அனுப்பி வைத்தான். இதில் என்ன மோசடி?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளை ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல். மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்ததென்றால் செப்டெம்பர் வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். தகரக் கூரையில் அந்த மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவதே கேட்காது. டீவியின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் வசனம் தகரத்தில் கரைந்துபோகும். ஆனால் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் மட்டும் மழையைக் கிழித்துக்கொண்டு வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ‘என்னமோ சொல்லிப்புட்டான்’ என்று நாங்கள் நடிகனின் முகத்தைப் பார்த்து, விட்ட வசனத்தை ஊகித்துச் சிரிப்போம். மழை இன்னும் வலுத்தால் டிஷ்ஷுக்கு வரும் சிக்னலே அறுந்து, நீலத் திரையில் ஒரு அறிவிப்பு வந்து நிற்கும்; அது வேறு கதை. பார்ப்பவருக்குக் கைகாட்டி தேவையில்லை என்று சொல்பவர்கள் ஒரு ஜூன் மாதத்து இரவில் எங்கள் கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

மழை இல்லாத நாளிலும் நாங்கள் தனியாகப் பார்த்ததில்லை. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் கிடையாது. பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி ஒன்று எங்காவது ஒரு வீட்டில் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு லயமே குந்தும். வாசலில் நிற்பவர்களுக்குப் படம் தெரியாது, சத்தமும் பாதிதான் கேட்கும். உள்ளே இருப்பவர்கள் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள். சடங்கு, திருவிழா என்றால் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓடும்.

பிறகு லயத்தில் காம்பராவுக்கு, அதாவது ஒரு குடும்பத்தின் அறைக்கு, ஒரு டீவி வந்தது. அப்போதும் நடுச்சுவர் மெல்லிசு. கூரைக்கடியில் சத்தம் தாராளமாகப் போய்வரும். ஒரு காம்பராவில் அன்டெனா, அடுத்த காம்பராவில் டிஷ். இரண்டிலும் ஒரே சனல். செய்மதி வழியே வருவது இரண்டு மூன்று விநாடி பிந்தித்தான் வரும். ஆகவே பக்கத்துக் காம்பராவில் சிரிப்பு முன்னால் கேட்கும், நமக்கு ஜோக் பின்னால் வரும். என்ன ஜோக்கென்று தெரிவதற்குள்ளேயே உதட்டில் சிரிப்பு வந்து குந்திவிடும். ‘முன்கூட்டியே சிரிக்கச் சொல்கிறார்கள்’ என்று அமெரிக்கத் தொடரைக் குறை சொல்பவர்கள் இதை என்னவென்பார்கள்? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்த வீட்டில் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்று அந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இளவட்டங்கள் கொழும்பில், கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும். தாய்மாரில் பலர் மத்திய கிழக்கில். லயத்தை இடித்துத் தனி வீடு கட்டும் வேலையும் மெதுவாக நடக்கிறது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், அதற்கு மேல் இன்னும் 10,000 என்று 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்துவிட்டுப் போனார். லயத்தைப் போற்றுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அது முன்னமே இடிந்திருக்க வேண்டியது. ஏழு பேர்ச் காணியில் தனக்கென்று நாலு சுவர் கிடைப்பது எங்கள் மக்களுக்கு வந்து சேர வேண்டிய உரிமை. அந்த நாலு சுவருக்குள் பக்கத்து வீட்டுச் சிரிப்பு வராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். கொழுந்து எடுத்தே முதுகு வளைந்தவர். மகன் கொழும்பில், மகள் குவைத்தில். மாலையில் அடுப்பைத் தணித்துவிட்டு, பேரன் போனில் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போன ‘மிஸ்டர் பீன்’ பார்ப்பார். 1990 முதல் 1995 வரை எடுத்தது மொத்தமே பதினைந்து அத்தியாயம். அத்தனையும் அவருக்கு மனப்பாடம். பீன் வாய் பேச மாட்டார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கணக்குச் சரியாகப் போயிற்று. ஒருநாள் கேட்டேன்.

“ஒரே படத்தத்தானே பெரியம்மா திரும்பத் திரும்பப் பாக்குறீங்க?”

“அவன் என்னா செய்வான்னு எனக்குத் தெரியாதாக்கும்? எல்லாருஞ் சேந்து சிரிக்கிறாங்க பாரு தம்பி, அது நல்லா இருக்கு.”

இந்தப் பெரியம்மாவிடம் போய், அந்தச் சிரிப்பு உங்கள் அறிவை அவமதிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லிப் பார்க்கலாம். நல்ல பதில் கிடைக்கும்.

‘அது செத்தவர்களின் சிரிப்பு’ என்று இன்னொரு வாதம். பெட்டியில் பதிந்த சிரிப்பெல்லாம் 1950களில் சிரித்தவர்களுடையது, அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று உயிரோடு இல்லை, பிணங்களோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிறார்கள். சீர்காழி கோவிந்தராஜன் 1988இல் காலமானார், டி.எம்.சௌந்தரராஜன் 2013இல். எங்கள் கோயில் திருவிழாவில் விடியற்காலையில் லவுட்ஸ்பீக்கரில் பாடுவது இன்றும் அவர்கள்தான். எவரும் பயந்து ஓடியதாகத் தெரியவில்லை.

கொஞ்சம் படித்தவர்கள் ‘மாஷ்’ தொடரை (1972–1983) எடுத்து வைப்பார்கள். கொரியப் போர்க்களத்து மருத்துவ முகாமில் நடக்கும் கதை. சிரிப்பொலியே வேண்டாம் என்றார்கள் ஆக்கியவர்கள், போட்டே ஆக வேண்டும் என்றது சிபிஎஸ். இரு தரப்பும் இறங்கி வந்து ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டன. மற்ற இடங்களில் சிரிப்பு இருக்கும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும் இருக்காது. பிரித்தானியாவில் பிபிசி முழுவதையும் சிரிப்பில்லாமலே ஒளிபரப்பியது. இது எதிர்த்தரப்புக்குச் சாதகமான உதாரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் அமைதியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். முன் காட்சி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், ரத்தத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டதைப் போல இருக்கிறது. சிரிப்பு இருந்ததால்தான் அது நின்ற இடம் உறைக்கிறது. தொடக்கத்திலிருந்தே சிரிப்பில்லாத தொடரில் இந்த வித்தையைக் காட்ட முடியாது.

சரி, சிரிப்பொலியை ஒழித்தவர்கள் சைகை காட்டுவதை விட்டுவிட்டார்களா? ‘த ஒஃபிஸ்’ தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிரித்தானியாவில் 2001இல் வந்தது, அமெரிக்காவில் 2005இல். சிரிப்பொலி கிடையாது. மனேஜர் ஏதாவது உளறியதும் அமெரிக்கப் பதிப்பில் ஜிம் என்கிற பாத்திரம் மெல்லத் திரும்பிக் கமராவைப் பார்க்கும். ‘கேட்டீர்களா இந்தக் கூத்தை?’ என்று அர்த்தம். ‘இங்கே சிரி’ என்று அந்தக் கண் சொல்வதை இரண்டு காதுள்ளவனும் கேட்பான். சத்தம் போட்டுச் சொன்னால் மட்டம், கண்ணைக் காட்டிச் சொன்னால் உயர்வு என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

தமிழில் நிலைமை இன்னும் வேடிக்கை. 2005இல் விஜய் டீவியில் ‘கலக்கப் போவது யாரு’ தொடங்கியதிலிருந்து நாம் பழகியது நடுவர் சிரிப்புக்கு. போட்டியாளர் ஒரு ஜோக் சொன்னதும் கமரா நடுவர் பக்கம் பாயும். ஒருவர் மேசையைத் தட்டுவார், ஒருவர் கதிரையில் சரிவார், ஒருவர் கண்ணைத் துடைப்பார். அதற்குப் பிறகு வந்த நிகழ்ச்சிகளில் ‘டொய்ங்’ என்றொரு சத்தம், உடனே வடிவேலு படத்திலிருந்து ஒரு துண்டு, அதற்கு மேல் திரையில் பெரிய எழுத்து. சார்லி டக்ளஸ் ஒரு விசையோடு நிறுத்திக்கொண்டார், இவர்கள் காதைப் பிடித்துத் திருகுகிறார்கள். சிரிப்பொலி பழைய காலத்து மலிவு வேலை என்று சொல்லும் அதே பிள்ளை இதைப் பார்த்து உருண்டு புரள்கிறது. ஜோக்கை அனுப்பும்போது கூடவே கண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஐந்தாறைப் போட்டு அனுப்பவும் செய்கிறது.

சிரிப்பொலி இல்லாமல் நன்றாக வந்த தொடர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. 2024இல் நாகா இயக்கிய ‘தலைவெட்டியான் பாளையம்’ அப்படிப்பட்டது. ஒரு கிராமத்து அலுவலகத்தின் சலிப்பும் மந்தமும்தான் அங்கே வேடிக்கை. அதற்குள் கூட்டச் சிரிப்பைப் போட்டால் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடும். கதைக்குக் கதை வேண்டியது வேறுபடும் என்பதற்கு மேல் இதில் எதுவும் நிரூபணமாகவில்லை.

விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். 2019இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோஃபி ஸ்கொட் குழுவினர் 40 கடி ஜோக்குகளை எடுத்து, சிரிப்பொலியோடும் இல்லாமலும் ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். சிரிப்போடு கேட்டபோது மட்டமான ஜோக்குக்கும் மதிப்பெண் ஏறியது. ‘பார், மூளையை ஏமாற்றுகிறார்கள்’ என்று இதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். மிச்சத்தையும் படித்திருக்கலாம். நடித்துச் சிரித்த சிரிப்பைவிடத் தன்னை மறந்து சிரித்த சிரிப்புக்கு அதிக மதிப்பெண் விழுந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதாவது கேட்கிறவர் முட்டாள் இல்லை. எது மனதாரச் சிரித்தது, எது கடமைக்குச் சிரித்தது என்று அவர் காதுக்குத் தெரிகிறது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல முப்பது மடங்கு மனிதர் கூட்டத்தில் சிரிக்கிறார் என்று ரொபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் கணக்குச் சொல்லியிருக்கிறார். பிறரோடு சேரும்போது சிரிப்பு கூடுவது ஏமாற்று என்றால், கல்யாண வீடு, கோயில், பட்டிமன்றம் எல்லாமே ஏமாற்றுத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விஷயத்தில் நானும் சிரிப்பொலி மீது வழக்கு வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் ஆச்சரியம். நகைக்கு நாலு பிறப்பிடம் சொன்ன தொல்காப்பியர் எள்ளலைத்தான் முதலில் வைத்தார். யாரை எள்ளுகிறோம் என்பதுதான் கேள்வி. நகைச்சுவை என்ற பெயரில் தோட்டத்து ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, அவன் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டி, அவனை வேலைக்காரனாகவும் வாயில்லாப் பூச்சியாகவும் ஆக்கிச் சிரித்ததை மேடையிலும் வானொலியிலும் திரையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ‘தோட்டக்காட்டான்’ என்ற வசை எந்தச் சிரிப்பொலிப் பெட்டியிலும் தயாரானதில்லை. சிரிப்பொலி அங்கே செய்தது ஒன்றுதான்: யார் வாயைக் கேட்டு யார் சிரித்தார்கள் என்பதைப் பதிவுசெய்து வைத்தது. பதிவு இருந்தால் பிடித்துக் கேட்கலாம். மௌனமாக எடுத்தால், ‘நாங்கள் கிண்டல் பண்ணவே இல்லையே, யதார்த்தமாகத்தானே காட்டினோம்’ என்று கையை விரித்துவிடுவார்கள்.

பேச்சு வழக்கை வைத்துச் சிரிக்கவே கூடாது என்பதில்லை. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஒலித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், பி.எச்.அப்துல் ஹமீட் என்று ஆளுக்கொரு தமிழ் பேசி முட்டி மோதினார்கள். ஒருவர் மற்றவரை வாரினார், மற்றவர் திருப்பி வாரினார். 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. திருப்பிக் கொடுக்கிற வாய் எல்லோருக்கும் இருந்ததால் அங்கே சிரிப்பு யாரையும் சுடவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சென்னைக்கோ ஹாலிவுட்டுக்கோ இல்லை. இங்கே இருக்கும் தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு. 1998இல் சக்தி வந்தது, 2009இல் வசந்தம் வந்தது, நேத்ராவும் இருக்கிறது. சென்னைத் தொடர்களை வாங்கி ஓட்டியது போதும். அட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு மண்டபத்தை எடுங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தையும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைத்துப் போடுவதையும், கொழும்பு மருமகள் முதன்முதலாக லயத்துக்கு வந்த கதையையும் எங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். எழுத ஆள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமாக வையுங்கள், மற்ற நாளில் மலைக்குப் போக வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவர்கள் தலைக்கு மேலே மைக்கைக் கட்டுங்கள். அவர்கள் சிரிக்காத இடத்தில் பெட்டிச் சிரிப்பை ஊற்றி மெழுகாமல், அந்தக் காட்சியை எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் சிரித்த இடத்தில் ஒரு விநாடியைக்கூட வெட்டாதீர்கள்.